மாதுங்காவில் காது கழுவினோம்

"பாட்டு கேட்க பம்பாய் வரைக்குமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். திருச்சியில் பாட்டுக்கா பஞ்சம், திருவானைக்காவல் பக்கம் போனால் மாதத்துக்கு நாலு கச்சேரி நடக்கிறதே என்றார். விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. எங்கள் மருந்துக் கடைச் சாவியை அவர் கையில் கொடுத்து, டாக்டர் சீட்டு இல்லாமல் யாருக்கும் தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அவரிடம் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். மான்சூன் ஆபீஸ் என்று ஒரு பாட்டுக் குழு. எண்பதுகளில் பம்பாயில் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்தது. கீபோர்டு, கிடார், டிரம்ஸ், நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ரூபி என்று ஒரு தாராவிப் பெண். அப்போது வெளிநாட்டில் நியூ வேவ் என்று ஒரு அலை அடித்துக்கொண்டிருந்தது. அழுகிற விஷயத்தை ஆடுகிற தாளத்தில் பாடுவது, முடியை ஒரு பக்கமாக நிமிர்த்தி விட்டுக்கொள்வது, போட்டோவில் சிரிக்காமல் நிற்பது. இவர்கள் அதையே லோக்கல் ரயிலுக்கும் மழைக்கும் ஆபீஸ் மேஜைக்கும் மாற்றிப் பாடினார்கள். பாதி இங்கிலீஷ், கொஞ்சம் இந்தி, ஒரே ஒரு தமிழ்ப் பாட்டு. அந்தத் தமிழ்ப் பாட்டின் பெயர் 'நனைஞ்ச ஃபைல்'.

அங்கே வேலையில் இருந்த என் அண்ணன் லீவுக்கு வந்தபோது அவர்களுடைய முதல் காசட்டைக் கம்பெனி உறையோடு வாங்கி வந்தான். நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் அதைப் போட்டுவிட்டுப் படுத்தால் கனமாக, நிதானமாக ஒரு குரல் வரும். பிழியாத துணியைக் கொடியில் போட்டால் கொடி இறங்குமே, அப்படி ஒரு இறக்கம் அந்தக் குரலில். எனக்கு அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

பல வருஷம் கழித்து போனில் அவர்களுடைய ரசிகர் குழு ஒன்றில் சேர்ந்தேன். முக்கால்வாசிப் பேர் மும்பைத் தமிழர்கள். எந்நேரமும் "ஆகா, அந்த முதல் காசட்டின் வேகம்!" என்று எழுதிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு அது வேகமாகத் தோன்றியதே இல்லை. ஓடுகிற ரயிலில் ஏறுகிற ஊர்க்காரர்கள், இவர்களுக்கு வேகம் என்பதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இன்டர்நெட்டிலும் அந்தப் பாட்டுகள் இருக்கின்றன என்றார்கள். காசட் கையில் இருக்கும்போது அதைப் போய் எவள் கேட்பாள்?

இப்போது கிளம்பியதற்குக் காரணம் ரூபி. செம்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி வைத்திருந்தார்கள். அதற்கு முன்பு ரூபி எங்கள் குழுவுக்கு ஒத்திகைப் பதிவை அனுப்பி, "எல்லாரும் ஒண்ணா உக்காந்து கேட்டுச் சொல்லுங்க. போதும்னு நீங்க சொன்னா நான் அன்னைக்கே நிப்பாட்டிருதேன்" என்று சொல்லியிருந்தாள். அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. குரல் இறங்கிவிட்டது, பாட்டெல்லாம் நொண்டுகிறது என்று குழுவில் பல வருஷமாகப் பேச்சு. அவளை ஒரு தடவைகூட நான் நேரில் கேட்டதில்லை. இந்தத் தடவை விட்டால் இல்லை என்று தோன்றியது, வந்துவிட்டேன்.

தாதரில் இறங்கியதும் ஸ்டீபன் வந்து பையை வாங்கிக்கொண்டார். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருப்பவர், பூர்வீகம் நாசரேத் பக்கம், எங்கள் குழுவில் ரூபியின் தெருக்காரர் என்ற பெருமை அவருக்கு மட்டும் உண்டு. "எக்கா, மொதல்ல எதாச்சும் சாப்பிடுங்க, அப்புறம் பேசுவோம்" என்று ஸ்டேஷன் வாசலிலேயே வடாபாவ் வாங்கிக் கொடுத்தார். நம் ஊர் உருளைக்கிழங்கு போண்டாவைப் பன்னுக்குள் அமுக்கிப் பூண்டுப் பொடி தூவியது. போண்டாவைப் போண்டாவாகவே தின்றால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். "நின்னுக்கிட்டே வயிறு ரொம்பணும்லா" என்றார். இரண்டாவதை நானே கேட்டு வாங்கினேன்.

லோக்கல் ரயிலில் நான் ஏறவில்லை, ஏற்றப்பட்டேன். பின்னால் வந்த பெண்கள் என்னை உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். ஒருத்தி இந்தியில் என்னமோ சொன்னாள். ஸ்டீபனோடு வந்திருந்த அவர் மகள் பிரின்ஸி பக்கத்தில் இருந்தாள், மொழிபெயர்த்தாள்: "நீங்க புதுசா, அப்ப அவங்கம்மா பக்கம் சாஞ்சுக்கோங்க, விழ மாட்டீங்கன்னு சொல்றாங்க ஆன்ட்டி." அந்த அம்மா உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். சயான் வரும்வரை அவர் தோளில்தான் சாய்ந்திருந்தேன். திருச்சி டவுன் பஸ்ஸில் ஒருத்தி மேல் இப்படிச் சாய்ந்தால் ஊர் வசவு முழுக்க வெளியே வந்துவிடும்.

தாராவி எனக்குப் புது ஊராகவே படவில்லை. தமிழ்ப் பலகைகள், புரோட்டாக் கல் சத்தம், கோயில் மைக், மாதா கெபி. பேச்சு சுத்தமான திருநெல்வேலி, நடுநடுவே இந்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது. பட்டறையில் பசை வாசனை மூக்கைத் துளைத்தது. ஸ்டீபன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், அவர் மனைவி கருவாட்டுக் குழம்போடு சோறு கொண்டு வந்து வைத்தார். சாப்பிட்டு முடிப்பதற்குள் எங்கள் வழக்கமான சண்டை ஆரம்பித்துவிட்டது. மான்சூன் ஆபீஸ் எப்போது விழுந்தது என்பதுதான் சண்டை.

"டிரம்ஸ் ஜான் துபாய்க்குப் போனாம்லா, அன்னைக்கே போச்சு" என்றார் ஸ்டீபன். "மனுசன் அடிச்சத மெஷின் அடிச்சா வெளங்குமா?"

சோப்புத்தூள் விளம்பரத்துக்குப் பாடிய அன்றைக்குத்தான் போயிற்று என்று குழுவில் ஒரு கட்சி உண்டு. புல்லாங்குழல், தம்பூரா எல்லாம் வைத்து ஒரு ஆல்பம் போட்டார்கள், அதன் பெயரைச் சொல்லாமல் 'அந்தக் கஷாயம்' என்றே எழுதுவோம். எனக்குக் கஷாயம் கொஞ்சம் பிடிக்கும், வாயைத் திறந்ததில்லை. கடைசி ஆல்பத்தைப் பற்றி மட்டும் எல்லாக் கட்சியும் ஒன்று. இழுவை, தூக்கம், ரூபிக்கு மேலே எட்டவில்லை.

"பப்பா, நீங்க எல்லாம் புட்டாப்பா வந்து பேசறீங்க. வயசானது உங்களுக்கு" என்றாள் பிரின்ஸி. "ரூபி ஆன்ட்டி இப்பதான் மத்லப், சச்சா, உண்மையா பாடறாங்க. பழசுல என்ன, சிப்மங்க் மாதிரி."

சிப்மங்க் என்றால் அணில் போலக் கீச்சிடுகிற ஒரு பிராணியாம். என் ரூபியை அணில் என்றதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சின்னப் பெண், சோறு போட்ட வீடு என்று பேசாமல் இருந்தேன்.

ஸ்டீபன் பேச்சை மாற்றினார். "நாளைக்கு மாதுங்கால சங்கரன் சார் வீட்ல அந்தப் பதிவ கேட்டுட்டு முடிவு சொல்லணும். ஞாயித்துக்கிழம காலைல பதில் வேணும்னு ரூபி சொல்லிருக்கு. அதுக்கு வேற யாருகிட்டக்கா கேக்க முடியும்? கீபோர்டு வெங்கி நல்லாருக்கும்பான், அவனுக்குப் புரோகிராம் நடக்கணும். கோயில்ல எல்லாரும் நல்லாருக்கும்பாவ, அவியளுக்கு என்ன தெரியும். மூஞ்சிக்கு நேரா சொல்லுதது நாமதான்."

நாலு பேர் கூடி ஒருத்தியைப் பாடாதே என்று சொல்வதற்கு நாம் யார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டது அவளேதான், அதற்கு என்ன செய்வது.

மறுநாள் மாதுங்கா. தாராவியிலிருந்து அப்படி ஒன்றும் தூரமில்லை, ஆனால் மரங்கள் வந்துவிட்டன, வாழையிலையும் அப்பளமும் கனகாம்பரமும் விற்கிற கடைகள் வந்துவிட்டன. ஸ்டீபன், பிரின்ஸி, நான் மூவரும் ஓட்டலில் டிபன் சாப்பிட்டோம். இட்லி பஞ்சு, ஒரு குறையும் சொல்ல முடியாது. சாம்பாரில் வெல்லத்தைப் போட்டு வைத்திருந்தார்கள். ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு வாயில் ஏதாவது இனிப்பு தேவைப்படுமோ என்னமோ. காபியைக் குடித்து அதைச் சரிக்கட்டினேன்.

சங்கரன் சார் வீடு ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி. பாலக்காட்டுக் குடும்பம், இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், சட்டைப் பையில் இன்னும் இரண்டு பேனா. மும்பையில் மான்சூன் ஆபீஸுக்கு ரசிகர் என்று சொல்லிக்கொள்கிற யாருக்கும் மூலவர் இவர்தான். முதல் காசட்டைப் போட்ட கம்பெனி கொஞ்சமாகப் போட்டுவிட்டு மூடிப் போனது. இவர் யாரிடமோ அந்தக் காசட்டை இரவல் வாங்கித் தன் வீட்டு டெக்கில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டார். அதிலிருந்து பிரதி எடுத்துத்தான் தாராவி, செம்பூர், தேவ்நார், வாஷி என்று எல்லோரும் கேட்டார்கள். இன்டர்நெட்டில் ஏற்றியதும் இவருடையதைத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நிகழ்ச்சிகளிலும் இவருக்கு முன்வரிசை நடு நாற்காலி. 'நனைஞ்ச ஃபைல்' ஆரம்பித்ததும் முதல் கைதட்டு இவருடையது. அந்தத் தாளத்தை ஹால் முழுக்கப் பிடித்துக்கொள்ளும், பிறகு குழு அந்தத் தாளத்துக்கு வந்தாக வேண்டும். அதுதான் முறை.

"வாங்கோ, திருச்சியிலேர்ந்து இதுக்குன்னே வந்தேளா? பேஷ்" என்று உட்கார வைத்தார். ஏற்கெனவே நாலைந்து பேர் வந்திருந்தார்கள். ஒரு எவர்சில்வர் தூக்கு சுற்றி வந்தது. போனை எல்லாம் அதில் போட்டு மூடி விடவேண்டும். பாட்டு ஓடும்போது யாரும் பேசக்கூடாது. எல்லாம் முடிந்த பிறகு ஒவ்வொருவராகச் சொல்லவேண்டும், விருந்தாளி கடைசி. எந்தப் புதுப் பாட்டைக் கேட்பதற்கு முன்னாலும் முதல் காசட்டிலிருந்து ஒரு பாட்டைப் போடுவார்கள். அதற்குக் காது கழுவுவது என்று பேர். "ரோட்டு இரைச்சல், டிவி சீரியல் மியூசிக், எல்லாம் காதைவிட்டுப் போகணுமோல்லியோ? கழுவிண்டு கேட்டாத்தான் இப்போ இருக்கற லெவல் தெரியும்" என்றார்.

டெக்கின் மேல் போர்த்தியிருந்த ரவிக்கைத் துணியை மடித்து வைத்துவிட்டு 'நனைஞ்ச ஃபைல்' போட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டு தெரிந்த பாட்டு, குரல் தெரியாத குரல். கீச்சென்று, மூச்சு வாங்க, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் பாடுகிற மாதிரி இருந்தது. மற்றவர்களைப் பார்த்தேன். எல்லோரும் கண்ணை மூடி இருந்தார்கள். ஸ்டீபன் கண்ணில் தண்ணீர். பேசக்கூடாது என்பதால் தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து ரூபி அனுப்பிய ஒத்திகைப் பதிவு. அதே பாட்டு, இன்றைய ரூபி. மூச்சு குறைவு, அதில் சந்தேகமில்லை. சில இடத்தில் குரல் கீறியது. ஆனால் இது எனக்குத் தெரிந்த இறக்கம். மத்தியானம் படுத்துக் கேட்ட அதே கொடி, அதே ஈரத் துணி.

பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். யாரும் சந்தோஷமாகச் சொல்லவில்லை, அதையும் எழுதவேண்டும். ஒருவர் சுருதி இறங்கிவிட்டது என்றார். ஒருவர், பாதி வேகம்கூட இல்லை, பார்க்கப் பாவமாக இருக்கும் என்றார். ஸ்டீபன் தலையைக் குனிந்துகொண்டு, "மரியாதையா நிப்பாட்டிக்கிடட்டும், நம்ம புள்ளய ஊரு சிரிக்க விடக்கூடாது" என்றார். சங்கரன் சார், "நேக்கும் அதான் தோண்றது. எத்தனை நாள் இழுத்துண்டு போறது?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்" என்றேன். "முதல்ல போட்டீங்களே, அது யார் பாடினது?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ரூபியிடம் கையெழுத்து வாங்கக் கொண்டு வந்திருந்த காசட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தேன். கம்பெனி உறையைப் பார்த்ததும் எல்லோரும் கிட்டே வந்து குனிந்தார்கள். அந்த உறையை அவர்களில் பாதிப் பேர் பார்த்ததே இல்லை. "இத போடுங்க. இது வேற மாதிரி இருக்கும்" என்றேன்.

"உங்காத்து டெக் மெதுவா ஓடறதா இருக்கும். பெல்ட் லூஸாப் போனா அப்படித்தான்" என்றார் சங்கரன் சார்.

"எங்க வீட்டு டெக் திருச்சியில இருக்கு சார். உங்க டெக்குல போடுங்க."

போட்டார். நிதானமாக, கனமாக ரூபி பாடினாள். அப்போதுதான் ஒத்திகையில் கேட்ட அதே சுருதி, அதே நடை. இருபத்து சொச்சம் வயது மூச்சு, அது ஒன்றுதான் வித்தியாசம். ஒரே டெக், ஒரே பாட்டு, இரண்டு காசட். பிரின்ஸி மெதுவாகத் தூக்கைத் திறந்து போனை எடுத்து அதைப் பதிவு செய்ய ஆரம்பித்தாள். முறை தவறினதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

சங்கரன் சார் பாட்டு முடிகிறவரை டெக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னார். "அந்த டபுள் டெக்கு, ஒரு பக்கம் காசட் ஓடும், இன்னொரு பக்கம் பதியும். ரெக்கார்டிங் பக்கத்து பெல்ட் அறுந்து போயிடுத்து. இரவல் காசட், மறுநாள் திருப்பிக் கொடுக்கணும். பேப்பர்க்காரன் சுத்திப் போடற ரப்பர் பேண்டை மாட்டி ஓட்டினேன்."

மெதுவாக ஓடிப் பதிந்த காசட் சரியான டெக்கில் வேகமாக ஓடும். குரலும் மேலே ஏறும். அங்கே இருந்த எல்லோருக்கும் இது தெரியும், காசட்டோடு வளர்ந்தவர்கள்தானே. தங்கள் காசட்டுக்கு அப்படி ஒன்று நேர்ந்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு ரப்பர் பேண்டை மூலவராக வைத்து இத்தனை வருஷம் பூஜை நடந்திருக்கிறது. சங்கரன் சார் எழுந்து உள்ளே போனார். அவர் மனைவி வெளியே வந்து, "அவருக்கு உடம்பு சரியில்லையாம், தப்பா நெனச்சுக்காதீங்கோ" என்று எல்லோருக்கும் காபி கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை செம்பூரில் இருக்கும் ரூபி வீட்டுக்குக் கிளம்பினோம். குர்லாவில் மாறி ஹார்பர் ரயில் பிடித்தோம், ஸ்டீபன் ஆண்கள் பெட்டியில், நானும் பிரின்ஸியும் பெண்கள் பெட்டியில். ஏறியதிலிருந்து அவளிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரிப் பேசிக்கொண்டு வந்தேன். நீ அணில் என்று சொன்னது சரிதான் என்றேன். அவள் புது ஆல்பத்தில் மூன்றாவது பாட்டைக் கேளுங்கள் என்று என் காதில் ஒரு பக்கத்து இயர்போனை மாட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. இதைப் போய் தூக்கம் என்றார்களே என்று நான், இல்லை ஆன்ட்டி கொஞ்சம் தூக்கம்தான் என்று அவள், இப்படிப் பேசிக்கொண்டே இருந்ததில் செம்பூர் போனது தெரியவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கப் பார்த்தால் எதிரே ஒரு கல்யாணக் கூட்டமே ஏறியது. அதற்குப் பிறகு நிமிர்ந்து பார்க்கும்போது ரயில் கடற்கழிப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. "ஆன்ட்டி, வாஷி" என்றாள் பிரின்ஸி.

வாஷி ஸ்டேஷனில் இறங்கித் திரும்புகிற வண்டிக்கு நின்றோம். பெரிய, சுத்தமான ஸ்டேஷன், அதை ரசிக்கிற மனநிலை இல்லை. பதிலுக்காக ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், நான் இங்கே சமோசா தின்றுகொண்டிருக்கிறேன். செம்பூரில் இறங்கி நின்ற ஸ்டீபன் போனில் "எக்கா, நீங்க பாட்டு கேட்டது போதும், சீக்கிரம் வாங்க" என்றார்.

ரூபி வீடு செம்பூரில் நாலாவது மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடம், மேலே போவதற்குள் எனக்கே மூச்சு முட்டியது. அவளே கதவைத் திறந்தாள். சர்ச்சுக்குக் கட்டிப்போன வெள்ளைச் சேலையில் இருந்தாள், கழுத்தில் சங்கிலியில் தொங்குகிற கண்ணாடி. குட்டையான, சதைப்பற்றான, சாதாரண அம்மாள்.

"இவ்வளவு நேரமாயும் வரலன்னதும் எனக்கு வெளங்கிட்டு" என்றாள் ஸ்டீபனிடம். "சாயந்திரம் வரவேண்டாம்னு ஆட்டோக்காரன்கிட்ட சொல்லிட்டேன். பரவால்ல, உள்ள வந்து இருங்க. கறி ஆக்கி வச்சிருக்கேன், சாப்பிட்டுப் போங்க."

பிரின்ஸி போனை எடுத்து அந்தப் பதிவைப் போட்டாள். என் காசட், சங்கரன் சார் டெக், பின்னால் மாதுங்காவின் ஒரு காக்கை.

ரூபி நின்றபடியே கேட்டாள். அவளிடம் ஒரு காசட்கூட இல்லை, தாராவியில் இருந்தபோது வீட்டுக்குள் மழைத் தண்ணீர் வந்த வருஷம் எல்லாம் போய்விட்டதாம். கொஞ்ச நேரத்தில் தன்னை அறியாமல் கூடப் பாடினாள். சுருதி ஒட்டிக்கொண்டது. பாடிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இதுக்கு நான் கஷ்டப்படவே வேண்டாமே" என்றாள்.

பிறகு நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன், ரப்பர் பேண்டு வரைக்கும். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அப்பம் இன்னொண்ண கேட்டுக்கிடுங்க" என்றாள். "மொத புரோகிராம்லயே இவிய கை தட்டுன வேகம் எனக்குப் பிடிபடல. காசட்ல இப்படித்தான் இருக்குன்னாவ. கம்பெனிக்காரன் மூடுததுக்கு முன்னால மறுபடி போட்டத வேகமா ஓட்டி விட்டுருக்கான் போலன்னு நெனச்சோம். ஜனங்களுக்கு அதுதான் வேணும், ஏத்திப் பாடுன்னான் வெங்கி. பாடுனேன். இத்தனை வருசமும் எனக்கு எட்டாத எடத்துல நின்னு கத்துனேன். தொண்டைல கட்டி வந்து, டாக்டர் எறக்கிப் பாடு இல்ல பேச்சே போயிரும்னாரு. எறக்குனேன். எறக்குனது நான் மொதல்ல பாடுன எடத்துக்குத்தான். அத நீங்க கிழவியாயிட்டா, முடிஞ்சு போச்சுன்னிய."

கழுத்துக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"என் தொண்டைய ஒரு ரப்பர் பேண்டுலயா தொங்க விட்டிய?" என்று கேட்டுவிட்டு அழுதாள். ஸ்டீபனும் அழுதார். எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை, அந்த இடத்தில் நானும் இருந்திருந்தால் கைதட்டியிருப்பேன் என்பதும் தெரிந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ரூபி சொன்னாள்: "பாடுதேன். ஆனா சங்கரன் சார் வரணும். எப்பவும் போல முன்னால உக்காரணும். தட்டி ஓட்டுனது அவருதான, அவரு கை இல்லாம அந்தக் கூட்டத்த என்னால நிறுத்த முடியாது. அவரு வரலன்னா மைக்க வச்சிட்டு எறங்கிருவேன்."

ஸ்டீபன் சங்கரன் சார் வீட்டுக்குப் போன் போட்டார். அவர் படுத்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறார், காபிகூடத் தொடவில்லை என்று மனைவி சொன்னார். நான் போனை வாங்கி அவர் காதில் வைக்கச் சொன்னேன். "சார், உங்களுக்கு வெட்கமா இருக்கு, நியாயம்தான். ஆனா அவங்களுக்குத் தொண்டையே போயிருக்கு. எது பெரிசுன்னு நீங்களே சொல்லுங்க. அவங்க உங்களத்தான் கேக்கறாங்க" என்றேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு போன் கட்டானது.

சாயந்திரம் ஹால் நிறைந்திருந்தது. நரைத்த தலைகள் நிறைய, இடையிடையே பிரின்ஸி வயதுப் பிள்ளைகள். வாசலில் சமோசாவும் கட்டிங் சாய் என்கிற அரை டம்ளர் டீயும் விற்றார்கள். கேண்டீன் வரிசையிலும் அதே பேச்சு. "பாவம், கடைசியா ஒரு தடவை பார்த்துடலாம்னு வந்தேன்" என்று ஒருவர் இந்தியில் சொல்ல, இன்னொருவர், "முன்னாடி ரயில் மாதிரிப் பாடுவாள்" என்றார். எனக்கு அவர்கள் சாயைத் தட்டிவிடலாம் போல இருந்தது.

முன்வரிசை நடு நாற்காலி காலியாக இருந்தது. ஸ்டீபன் அதில் தன் கைக்குட்டையைப் போட்டு வைத்திருந்தார். ரூபி மேடைக்கு வந்தாள், அந்தக் காலத்துக் கறுப்புக் கோட்டு, உட்கார ஒரு ஸ்டூல். வந்ததும் அந்த நாற்காலியைத்தான் பார்த்தாள். புதுப் பாட்டுகளை முதலில் பாடினாள். மரியாதைக்குத் தட்டினார்கள், பாதிப் பேர் போனைப் பார்த்தார்கள். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் அவள் கண் கீழே அந்த நாற்காலிக்கு வந்து போயிற்று. வாசலைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கழுத்து வலித்துப்போயிற்று.

வெங்கி 'நனைஞ்ச ஃபைல்' கீபோர்டை ஆரம்பித்தார். நிதானமாக, முதல் காசட்டில் இருக்கிறபடி. உடனே பின்வரிசையில் கைதட்டு கிளம்பிவிட்டது, பழைய வேகம். "ஸ்பீட்! ஸ்பீட்!" என்று யாரோ கத்தினார்கள். நடுவரிசையும் பிடித்துக்கொண்டது. வெங்கியின் கை தடுமாறி மெதுவாக அந்தப் பக்கம் போக ஆரம்பித்தது. ரூபி மைக்கைப் பிடித்தபடி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கை மைக்கைக் கழற்றப் போனதை நான் பார்த்தேன்.

பக்கவாட்டுக் கதவு வழியாகச் சங்கரன் சார் வந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா, சவரம் செய்யாத முகம். ஸ்டீபன் கைக்குட்டையை எடுத்தார். அவர் உட்காரவில்லை. மேடைக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார். ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று. பின்வரிசை தன் போக்கில் தட்டியது, இவர் தன் போக்கில் தட்டினார். முகம் சிவந்துவிட்டது, நிறுத்தவில்லை.

"இதான் ஸ்பீடு" என்றார். அவ்வளவு பெரிய குரல் அவருக்கு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. "தப்பு என்னோடது. இதுல வாங்கோ."

பக்கத்தில் ஸ்டீபன் எழுந்து தட்டினார். நான் எழுந்தேன், பிரின்ஸி எழுந்தாள். முன்வரிசை வந்தது. நடுவரிசை குழம்பி, நின்று, பிறகு வந்தது. பின்வரிசையில் கடைசியாகத் தட்டிக்கொண்டிருந்த ஒருவர் தான் மட்டும் ஓடுவதைக் கேட்டு நிறுத்தினார், கொஞ்சம் பொறுத்து எங்களோடு சேர்ந்தார். வெங்கியின் கை பழைய இடத்துக்குத் திரும்பியது.

ஹால் முழுக்க அவர் கைக்கு இறங்கி வரும்வரை ரூபி காத்திருந்தாள். அப்புறம்தான் பாடினாள்.